அக்கா வீட்டுப் பேட்டரி: பேனல் வருமுன் எடுத்த முடிவுகள்

அக்கா வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. அதைச் சரிசெய்யாமல் மேலே சோலார் பேனல் மாட்டினால் இரண்டு வருடத்தில் எல்லாவற்றையும் கழற்றி, பூச்சு வேலை முடித்து, மறுபடி மாட்ட வேண்டியிருக்கும். கூரை வேலைக்கு உடனே நாள் கிடைக்கவில்லை. மின்தடையோ அடிக்கடி வந்தது. அத்தான் வீட்டிலிருந்தே வேலை பார்ப்பவர். அதனால் பேட்டரியை இப்போது வைத்துவிடலாம், பேனலைக் கூரை வேலை முடிந்ததும் போடலாம் என்று முடிவானது.

வேலையை நானே ஏற்றுக்கொண்டேன். முன்பு சிறிய அளவில் இரண்டு பேட்டரி கட்டிய பழக்கம் இருந்தது. மெயின் போர்டு இணைப்பும் எர்த் வேலையும் மட்டும் உரிமம் பெற்ற எலெக்ட்ரீஷியன் கையில். அந்த எல்லையை முதல் நாளே வகுத்துக்கொண்டோம்.

அளந்து பார்த்த பதினான்கு நாள்

"பெரிசா ரெண்டு வரிசை போட்டுடுடா, அப்புறம் யோசிக்கவே வேணாம்" என்றாள் அக்கா. இரண்டு வரிசை என்றால் 32 செல். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மாதத்துக்கு எத்தனை யூனிட் ஓடியது என்று மின் ரசீது சொல்லும்; எந்த நேரத்தில் ஓடியது என்று சொல்லாது. பேட்டரிக்குத் தேவையான விவரம் அந்த நேரம்தான். டிபி பாக்ஸில் (வீட்டின் மின் பகிர்வுப் பெட்டியில்) கிளாம்ப் வகை அளவுமானி ஒன்றைப் பொருத்தி 14 நாள் ஓடவிட்டோம்.

அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தோம். பழைய மின்விசிறிகள் ஒவ்வொன்றும் 75 வாட் இழுத்தன. 30 வாட்டில் ஓடும் பிஎல்டிசி விசிறிகளாக நான்கையும் மாற்றினோம். நான்கு விசிறி, பத்து மணி நேரம் என்று கணக்கிட்டால் இரவுக்கு 1.8 யூனிட் மிச்சம். ஒரு 280 ஏஎச் (ஆம்பியர்-மணி) செல் முழுதாகக் கொடுப்பதே 0.9 யூனிட்தான். விசிறியை மாற்றியதில் இரண்டு செல்லுக்குச் சமமான மின்சாரம் தினமும் மிச்சமாகிறது. பேட்டரி வாங்குமுன் செய்ய வேண்டிய முதல் செலவு இப்படிப்பட்டதுதான் என்பது என் உறுதியான கருத்து.

மொத்த வீடு நாளுக்குச் சராசரி 13 யூனிட் எடுத்தது. தண்ணீர் சூடாக்கி, துணி துவைக்கும் எந்திரம், இஸ்திரிப் பெட்டி, ஒரு குதிரைத்திறன் மோட்டார் நான்கையும் பேட்டரிப் பக்கம் கொண்டுவரவில்லை. மோட்டார் ஓடும்போது இழுப்பது 5 ஆம்பியர்தான். கிளம்பும் அந்த நொடியில் ஐந்து ஆறு மடங்கு கேட்கும். அதற்காக இன்வெர்ட்டரைப் பெரிதாக்குவதைவிட, கரண்ட் இருக்கும்போதே தொட்டியை நிரப்பிக்கொள்வது நல்லது. விளக்கு, விசிறி, ஃப்ரிட்ஜ், மோடம், கணினி, ஒரு படுக்கையறை ஏசி ஆகியவை மட்டும் தனிப் பலகைக்கு வந்தன. மாலை 6 முதல் காலை 7 வரை இவை எடுத்தது சராசரி 7.4 யூனிட், மிக அதிகமான இரவில் 8.6.

இதோடு இன்வெர்ட்டரின் சொந்தப் பசியையும் சேர்க்க வேண்டும். எந்தக் கருவியும் ஓடாவிட்டாலும் நாங்கள் தேர்ந்தெடுத்த 5 கிலோவாட் இன்வெர்ட்டர் 60 வாட் எடுக்கும். 13 மணி நேரத்துக்கு அது 0.8 யூனிட்; முழு நாளுக்கு 1.4 யூனிட். மோடத்தின் 15 வாட்டைப் பற்றி வாதாடுகிறவர்கள் பலர் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

16 செல் போதும் என்று எப்படித் தெரிந்தது

8.6 யூனிட்டை வெளியே கொடுக்க, 92 சதவீதத் திறனில், பேட்டரியிலிருந்து 9.3 யூனிட் எடுக்க வேண்டும். சொந்தப் பசியைச் சேர்த்தால் 10.1. எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) செல்லின் பெயரளவு மின்னழுத்தம் 3.2 வோல்ட், 16 செல்லை வரிசையாக இணைத்தால் 51.2 வோல்ட், 280 ஏஎச், ஆக 14.3 யூனிட். மேலும் கீழும் பத்து பத்து சதவீதத்தைத் தொடாமல் விட்டால் கையில் 11.5 இருக்கும். தேவை 10.1. வருடங்கள் கடந்து கொள்ளளவு எண்பது சதவீதமாகத் தேய்ந்தாலும், எல்லையைக் கொஞ்சம் அகலமாக்கி அதில் 90 சதவீதத்தைப் பயன்படுத்தினால் 10.3 கிடைக்கும். அப்போதும் அந்த மோசமான இரவைத் தாண்டலாம்.

32 செல் போட்டிருந்தால்? பயன்படுத்தினாலும் பயன்படுத்தாவிட்டாலும் செல் வயதாகும், வெப்பத்தில் இன்னும் வேகமாக. தேவைக்கு மேல் வாங்கிய பாதி சும்மா நின்று வயதாகும். பிறகு வரும் பேனலாலும் அதை ஒரு நாளில் நிரப்ப முடியாது. தேவைப்பட்டால் இரண்டாவது வரிசையை அதற்கென்று ஒரு பிஎம்எஸ் (செல்களைக் கண்காணித்து, எல்லை மீறினால் துண்டிக்கும் கருவி), ஒரு ஃப்யூஸோடு இணையாகச் சேர்த்துக்கொள்ளலாம். அதற்காகப் பஸ்பாரில் (இணைப்புகளைச் சேர்க்கும் உலோகப் பட்டையில்) இரண்டு போல்ட் இடத்தைக் காலியாக விட்டேன். அக்காவிடம் அந்தக் காலி இடத்தைக் காட்டியதும்தான் அவளுக்கு மனசு ஆறியது.

இன்னொன்றையும் அவளிடம் முன்கூட்டியே சொன்னேன். பேனல் வரும்வரை இந்தப் பேட்டரி ஒரு யூனிட்டையும் உற்பத்தி செய்யாது. கரண்டை வாங்கி வைத்துத் திருப்பித் தரும், போகும்போதும் வரும்போதும் கொஞ்சம் இழக்கும். சார்ஜ் ஆவது, சேமித்திருப்பது, மறுபடி ஏசியாக, அதாவது வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்சாரமாக, வெளிவருவது மூன்றையும் சேர்த்தால் 100 யூனிட் உள்ளே போனால் 80 முதல் 85 திரும்பும். நேரத்துக்கு ஒரு கட்டணம் உள்ள இடத்தில், மலிவு நேரக் கட்டணம் உச்ச நேரக் கட்டணத்தில் எண்பது சதவீதத்துக்கும் கீழே இருந்தால்தான் அந்த இழப்பாவது ஈடாகும்; செல் தேய்மானம் அதற்கு மேல். இந்த வீட்டுக்கு எல்லா நேரமும் ஒரே கட்டணம். ஆகவே இப்போதைக்கு இது மின்தடைக்கான ஏற்பாடு மட்டுமே. அத்தான் கணக்கைப் பார்த்துவிட்டு, "சரி, இருட்டில உட்கார்ந்து மீட்டிங் நடத்துறதுக்கு இது தேவலை" என்றார்.

பேனலிலிருந்து பின்னோக்கி

எந்த இன்வெர்ட்டர் என்ற கேள்விக்குப் பேட்டரியைப் பார்த்துப் பதில் தேடினால் தவறான பதில் கிடைக்கும். பேனல் எப்படி வரப்போகிறது என்பதிலிருந்து பின்னோக்கி வரவேண்டும். எங்களுக்கு மூன்று வழி இருந்தது.

சாதாரண இன்வெர்ட்டர் சார்ஜரை இப்போது போட்டு, பிறகு தனி எம்பிபிடி (பேனலிலிருந்து முடிந்தவரை அதிக மின்சாரத்தை எடுக்கும் பகுதி) சார்ஜ் கண்ட்ரோலரைப் பேட்டரி பஸ்பாரில் சேர்ப்பது ஒன்று. ஒரு கருவி கெட்டாலும் மற்றது ஓடும் என்பது இதன் பலம். மின்கட்டமைப்போடு இணைந்து ஓடும் சோலார் இன்வெர்ட்டரைப் பிறகு ஏசி பக்கம் சேர்ப்பது இரண்டாவது வழி. பேனல் ஏற்கெனவே இருக்கிற வீட்டில் பேட்டரி சேர்க்க இது பொருத்தம். கரண்ட் போனபின் பேட்டரி நிரம்பிவிட்டால் சோலாரைக் குறைக்க வேறு வழி இல்லாமல், பேட்டரி இன்வெர்ட்டர் மின்சாரத்தின் அதிர்வெண்ணை 50 ஹெர்ட்ஸிலிருந்து மெல்ல உயர்த்தும். சோலார் இன்வெர்ட்டர் அதைக் கண்டு பின்வாங்கும். இரண்டும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போக வேண்டும், சோலாரின் அளவு பேட்டரி இன்வெர்ட்டரின் அளவைத் தாண்டக் கூடாது. மூன்றாவது, எம்பிபிடி உள்ளேயே இருக்கும் ஹைப்ரிட் இன்வெர்ட்டர்.

ஹைப்ரிட்டையே எடுத்தோம். அதிலும் ஒரு குறை உண்டு. பேனல் வரும்வரை எம்பிபிடி பகுதி சும்மா இருக்கும், உத்தரவாதக் காலமோ வாங்கிய நாளிலிருந்தே ஓடும். கூரை வேலை மூன்று நான்கு வருடம் தள்ளிப்போகும் என்று தெரிந்திருந்தால் முதல் வழியைத்தான் எடுத்திருப்பேன். ஒரு வருடத்துக்குள் என்பதால் இது சரி என்று பட்டது.

இனி பேனலின் எண்ணிக்கை. நாள் ஒன்றுக்கு நான்கு மணி முழு வெயில் என்று வைத்து, வெப்பம், தூசு, மாற்றும்போது ஆகும் இழப்பு எல்லாம் கழித்தால் ஒரு கிலோவாட் பேனல் சுமார் 3.1 யூனிட் தரும். வீட்டுக்கு 13, பேட்டரி வழி இழப்புக்கு இரண்டு என்று 15 யூனிட் வேண்டும். 550 வாட் பேனல் ஒன்பது போட்டால் 4.95 கிலோவாட், 15.3 யூனிட். அளவு பொருந்தியது.

பத்தாகப் போட்டால் என்ன என்று அத்தான் கேட்டார். இங்கேதான் பலர் இன்வெர்ட்டரை எரித்துவிடுகிறார்கள். பேனலின் திறந்த சுற்று மின்னழுத்தம் (எதனோடும் இணைக்காதபோது இருப்பது) 49.8 வோல்ட் என்று தரவுத்தாளில் இருக்கும். அது 25 டிகிரியில் அளந்தது. குளிர்ந்தால் மின்னழுத்தம் ஏறும், ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.27 சதவீதம். விடியற்காலையில் 5 டிகிரி என்றால் 5.4 சதவீதம் கூடும். பத்து பேனல் வரிசையாக 498 வோல்ட். அந்தக் குளிர்ந்த காலையில் 525. இன்வெர்ட்டரின் உச்சவரம்பு 500. ஒன்பது போட்டால் 472, பயமில்லை.

மறுமுனையிலும் ஒரு வரம்பு இருக்கிறது. எம்பிபிடி வேலை செய்யக் குறைந்தது 120 வோல்ட் வேண்டும். வெயிலில் பேனல் 70 டிகிரிக்குச் சூடாகும்போது அதன் இயங்கு மின்னழுத்தம் 41.8 வோல்ட்டிலிருந்து 35.6 அளவுக்கு இறங்கும். மூன்று பேனல் வரிசை 107 வோல்ட்தான் தரும், எம்பிபிடி பிடிக்காது. நான்கு என்றால் 142. கூரையின் ஒரு பக்கம் நிழல் விழுந்து பேனலைப் பிரிக்க நேர்ந்தால் ஐந்தும் நான்குமாகப் பிரிக்கலாம், ஆறும் மூன்றுமாகக் கூடாது. இதைக் கூரைப் படத்தின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதிவைத்தேன்.

கூரை ஆட்களிடம் பேசும்போது இன்னொன்று தெளிந்தது. பூச்சு முடிந்த கூரையில் துளை போட்டால் பூச்சு வீண். ஆகவே பேனல் கால்களுக்கான அடித்தளமும், கேபிள் இறங்கும் பைப்பும் பூச்சுக்கு முன்பே வரவேண்டும். 40 மில்லிமீட்டர் கான்ட்யூட் பைப் ஒன்று கூரையிலிருந்து பேட்டரி அறைவரை, உள்ளே இழுவைக் கயிறு போட்டு, மேல்முனை கீழ்நோக்கி வளைத்து மூடியோடு. பேனல் எங்கே நிற்கும் என்று இப்போதே தெரியாவிட்டால் அடித்தளத்தை எங்கே வைப்பது? பேனல் வரைபடத்தைப் பேட்டரிக்கு முன்பே முடிக்க வைத்தது இந்தக் கேள்விதான்.

ஃப்யூஸும் கேபிளும்

48 வோல்ட் தொட்டால் ஆளை அடிக்காது என்ற நினைப்பு ஆபத்தானது. ஒரு செல்லின் உள்தடை 0.2 மில்லிஓம் அளவு. 16 செல்லும் சேர்ந்து 3.2 மில்லிஓம். முனைகள் இரண்டையும் ஒரு ஸ்பேனர் இணைத்துவிட்டால் பல்லாயிரம் ஆம்பியர் பாயும். ஸ்பேனர் உருகி முகத்தில் தெறிக்கும். மோதிரம், கைக்கடிகாரம் கழற்றாமல் அந்த அறைக்குள் யாரையும் விடவில்லை. என் ஸ்பேனர்களில் வாய்ப்பகுதி தவிர மற்ற எல்லா இடத்திலும் இன்சுலேஷன் டேப்.

ஃப்யூஸ் கணக்கு எளிது. 5,000 வாட்டை 48 வோல்ட்டாலும் 0.92 திறனாலும் வகுத்தால் 113 ஆம்பியர். கால் பங்கு கூட்டினால் 141. ஆகவே 150 ஆம்பியர் ஃப்யூஸ், 50 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள். எண்ணைவிட வகை முக்கியம். வண்டிகளில் போடும் மலிவான ஃப்யூஸ் இத்தனை ஆயிரம் ஆம்பியரை அறுக்க முடியாமல் உள்ளேயே மின்வில்லாக (இடைவெளியைத் தாண்டி ஓடும் பொறியாக) எரியும். கிளாஸ் டி (Class T) ஃப்யூஸ் 20,000 ஆம்பியர்வரை அறுக்கும். அதைப் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு எவ்வளவு பக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு பக்கமாக வைத்தோம். சோலார் பக்கத்துக்கும் இதே கவனம்: வீட்டு எம்சிபி (சுமை மீறினால் தானே விழும் ஸ்விட்ச்) ஏசி மின்சாரத்துக்கானது. ஏசி நொடிக்கு நூறு முறை சுழியைத் தொடுவதால் வில் தானே அணையும். ஒரே திசையில் ஓடும் டிசியில் அந்தச் சலுகை இல்லை. டிசிக்கென்று செய்த பிரேக்கர்தான் வேண்டும், அதிலும் முனை திசை பார்த்து மாட்டவேண்டும்.

இன்வெர்ட்டரின் உள்ளே பெரிய மின்தேக்கிகள் இருக்கின்றன. காலியாக இருக்கும்போது நேராகப் பேட்டரியை இணைத்தால் பொறி பறக்கும், பிஎம்எஸ் தன்னைக் காத்துக்கொள்ள அணைந்துவிடும். 50 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைச் சில நொடி இடையில் பிடித்தால் மின்னோட்டம் ஒரு ஆம்பியர் அளவில் நின்று மெதுவாக நிரம்பும். அதற்கென்று ஒரு சின்ன ஸ்விட்சே வைத்துவிட்டோம்.

எட்டாவது செல்

செல்கள் வந்தபோது எல்லாம் 3.29, 3.30 வோல்ட். இதை நம்பக் கூடாது. எல்எஃப்பியின் மின்னழுத்தக் கோடு நடுவில் தரைபோல் தட்டையானது. இருப்பு கணிசமாக வேறுபடும் இரண்டு செல்லும் ஒரே எண்ணைக் காட்டும். எல்லா செல்லையும் உச்சியில், அதாவது முழுச் சார்ஜ் நிலையில், சமன் செய்தே ஆகவேண்டும்.

16 செல்லை இணையாக்கினால் 4,480 ஏஎச் கொண்ட ஒரே செல். நாற்பது சதவீத இருப்பிலிருந்து 10 ஆம்பியர் சப்ளையால் நிரப்பினால் 11 நாள் ஆகும். அதனால் முதலில் வரிசையாக இணைத்து பிஎம்எஸ் மேற்பார்வையில் இன்வெர்ட்டராலேயே சார்ஜ் செய்து, முதல் செல் உச்சியைத் தொட்டதும் நிறுத்தி, பிறகு இணையாக்கி 3.65 வோல்ட்டில் விட்டேன். ஒன்றரை நாளில் மின்னோட்டம் ஓய்ந்தது. சப்ளையின் 3.65 வோல்ட்டை செல்லில் மாட்டுமுன்பே வைத்துவிட வேண்டும். மாட்டியபின் மெல்லிய வயரில் விழும் அழுத்தத்தைப் பார்த்து குமிழைத் திருகினால், கடைசியில் செல் உப்பும்.

செல்களின் அலுமினிய உறைக்கும் மின்னழுத்தம் உண்டு. மேலே சுற்றிய நீலப் படலம் காகிதம்போல் மெல்லியது. ஒவ்வொன்றுக்கும் நடுவே எபாக்ஸித் தகடு வைத்து, எட்டு எட்டாக இரண்டு வரிசை, இருமுனையிலும் பலகை, நீளத் திருகுக் கம்பியால் மிதமான இறுக்கம். மொத்த எடை 90 கிலோவை ஒட்டியது.

எல்லாம் மாட்டி முதல் பெரிய சுமை கொடுத்தேன். 80 ஆம்பியரில் எட்டாவது செல் மட்டும் மற்றவற்றைவிட 50 மில்லிவோல்ட் கீழே. செல் கெட்டது என்று நினைத்தேன். மாற்று செல் கேட்டு விற்பனையாளருக்கு எழுதப்போனவன், சார்ஜ் ஆகும்போது பார்த்துவிடலாம் என்று நிறுத்தினேன். 60 ஆம்பியர் சார்ஜில் அதே செல் 38 மில்லிவோல்ட் மேலே. மின்னோட்டத்தை நிறுத்தியதும் மற்றவற்றோடு சமம்.

பலவீனமான செல்லாக இருந்தால் ஓய்விலும், அல்லது அடிமட்டத்தை நெருங்கும்போது, வித்தியாசம் தெரியும். மின்னோட்டத்தோடு ஏறி, திசை மாறினால் மாறி, நின்றால் மறைவது தடை. 50 மில்லிவோல்ட்டை 80 ஆம்பியரால் வகுத்தால் 0.625 மில்லிஓம். 60 ஆம்பியரால் பெருக்கினால் 37.5. இரண்டு அளவீடும் ஒரே இடத்தைக் காட்டின. அந்தத் தடையில் 80 ஆம்பியருக்கு 4 வாட் வெப்பம், ஒரு திருகின் தலைக்கடியில்.

எந்தத் திருகு? பிஎம்எஸ்ஸின் ஏழாவது வயர் ஏழாவது செல்லின் பாசிட்டிவ் தலையில் இருக்கிறது, எட்டாவது வயர் எட்டாவதன் தலையில். ஏழையும் எட்டையும் சேர்க்கும் பஸ்பார் எட்டாவது செல்லின் அளவுக்குள் வந்துவிடுகிறது. எண் பிசகியது எட்டில், கோளாறு இருக்கக்கூடியது ஏழின் தலையில். பேட்டரியைத் துண்டித்து ஏழின் நட்டைக் கழற்றினேன். பிஎம்எஸ் வயரின் வளைய லக்கைப் பஸ்பாருக்கு மேலே வைப்பதற்குப் பதில் கீழே வைத்திருந்தேன். 80 ஆம்பியரும் அந்த மெல்லிய தகர வளையம் வழியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. மற்ற பதினைந்திலும் சரியாக வைத்த கை, அந்த ஒன்றில் மட்டும் மாறியிருந்தது.

தலையையும் பஸ்பாரின் அடியையும் தேய்ப்புத் துணியால் சுத்தம் செய்து, பஸ்பார் நேராகத் தலையில், லக் அதற்கு மேல், வாஷர், நட் என்று அடுக்கி, டார்க் ரெஞ்சில் தரவுத்தாள் சொன்ன அளவுக்கு இறுக்கினேன். மறுபடி 80 ஆம்பியர். வித்தியாசம் 3 மில்லிவோல்ட். எல்லா நட்டிலும் இறுக்கிய பின் பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டேன். கோடு விலகியிருந்தால் நட் தளர்ந்தது என்று அக்காவுக்கே தெரியும்.

செல் பிரச்சினை என்று வரும் புகார்களில் இப்படிப்பட்டவை எத்தனை இருக்கும் என்று அன்றிரவு யோசித்தேன். ஆக்டிவ் பேலன்சர் (ஒரு செல்லிலிருந்து இன்னொன்றுக்கு மின்சாரத்தை மாற்றிச் சமன் செய்யும் கருவி) வாங்கி மாட்டியிருந்தால், இல்லாத குறையைச் சரிசெய்யப் போய் நல்ல செல்லையும் சமநிலை குலைத்திருக்கும்.

அமைத்த எண்கள், பிறகு நியூட்ரல்

சார்ஜ் 55.2 வோல்ட்டில் நிற்கும், அதாவது செல்லுக்கு 3.45. இன்வெர்ட்டர் 48 வோல்ட்டில் நிறுத்தும். பிஎம்எஸ் எல்லை செல்லுக்கு 3.65 மேலே, 2.8 கீழே. இன்வெர்ட்டர் எப்போதும் முதலில் நிற்க வேண்டும். தினமும் பிஎம்எஸ் அணைத்தால் அமைப்பு தவறு. கரண்டிலிருந்து சார்ஜ் 60 ஆம்பியர்வரை. மின்தடை குறைவான வாரங்களில் பேட்டரியை முழுதாக நிரப்பி வைக்காமல் 85 சதவீதத்தில் நிறுத்தியிருக்கிறோம். மாதம் ஒருமுறை மட்டும் முழுச் சார்ஜ். சின்ன மின்னோட்டங்களைப் பல பிஎம்எஸ் சரியாக எண்ணாததால் இருப்புக் கணக்கு மெல்லப் பிசகும். அந்த முழுச் சார்ஜில்தான் அது திருந்தும்.

எலெக்ட்ரீஷியன் அதிக நேரம் செலவிட்டது நியூட்ரலில். கரண்ட் போய் இன்வெர்ட்டர் தனியாக ஓடும்போது நியூட்ரலும் எர்த்தும் ஓரிடத்தில் இணைந்திருக்காவிட்டால், எர்த்துக்குக் கசிவு ஏற்பட்டாலும் ஆர்சிசிபி (கசிவைக் கண்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழாது. கரண்ட் இருக்கும்போது அந்த இணைப்பு விலக வேண்டும். இன்வெர்ட்டரின் உள் ரிலே அதைச் செய்கிறதா என்று கையேட்டை நம்பாமல், இரு நிலையிலும் மல்டிமீட்டர் வைத்தும் டெஸ்டர் வைத்தும் பார்த்தார். அதேபோல், கரண்ட் போனபின் வீட்டிலிருந்து வெளியே மின்சாரம் போகவில்லை என்பதையும் மெயின் முனையில் அளந்து காட்டினார். கம்பத்தில் ஏறி வேலை செய்பவரின் உயிர் அந்த அளவீட்டில் இருக்கிறது.

இப்போதைய நிலை

பேட்டரி அறை வெயில் படாத வெளிச்சுவரை ஒட்டியது, படுக்கையறைகளுக்கு அப்பால். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இரும்புச் சட்டம், மேலே காற்றுத்துளை, வெளியே புகை எச்சரிக்கைக் கருவி. எல்எஃப்பி மற்ற லித்தியம் வகைகளைவிட நிதானமானதுதான். ஆனாலும் செல் கெட்டு வாயு வெளிவந்தால் அதில் ஹைட்ரஜன் இருக்கும், அடைத்த அறையில் அது சேரக் கூடாது.

நான்கு மாதத்தில் மிக நீண்ட மின்தடை ஒன்பது மணி நேரம். காலையில் 38 சதவீதம் மீதி இருந்தது.

போன வாரம் கூரை ஆட்கள் வந்துவிட்டார்கள். பேனல் கால்களுக்கான அடித்தளம் பதினெட்டும் வார்த்தாகிவிட்டது. கான்ட்யூட் பைப் உள்ளே கயிறோடு கீழே இறங்கி, இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் மூடி போட்டு நிற்கிறது. பூச்சு இரண்டாம் கை நாளை.